சானிடைசர் நக்குன மாடு

வா தம்பி, வா. செருப்பைக் கழட்ட வேணாம், இது மாட்டுக் கொட்டாய்தான், கோயில் இல்ல. பாப்பாவ மட்டும் இடுப்புலருந்து எறக்கி வுடு. காலு மண்ணுல பட்டா கரைஞ்சா பூடும்?

போன ஞாயித்துக்கெழமை நீ வந்துட்டுப் போனதுலருந்து இந்த மாட்டுக்கு உன் நெனைப்புதான். அன்னிக்கு உன் பொண்ணு கையை நீட்டுச்சு, இது மூக்கை நீட்டுச்சு. ரெண்டும் தொட்டுக்கினதுதான் தாமதம், நீ பாய்ஞ்சு வந்து பாக்கெட்டுலருந்து குப்பிய எடுத்துப் பீச்சுன பாரு. பாதி பாப்பா கையில, பாதி மாட்டு மூக்குல. மாடு நாக்கை நீட்டி ஒரு தடவை நக்கிச்சு. அப்புறம் மேல் உதட்டைச் சுருட்டிகினு, பல்லே இல்லாத மேல் ஈறைக் காட்டிகினு, வானத்தைப் பார்த்து நின்னுச்சு. நாப்பது வருஷமா மாடு வெச்சிருக்கேன். மொதல் தடவையா சாராயக் கடைக்குப் போன ஆள் மொகத்தை மாட்டுக்கிட்ட அன்னிக்குத்தான் பார்த்தேன்.

அதுக்கப்புறம் நீ கேட்ட கேள்விதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துடுச்சு. "தாத்தா, மாட்டுப் பக்கத்துல வளர்ந்தா கொழந்தைக்கு வீசிங் வராதாமே, நெஜமா?"ன்னு கேட்ட. கேக்கற கேள்வி மாட்டைப் பத்தி, கையில குப்பி. குடையைப் புடிச்சிகினு மழையில நனையலாமான்னு கேக்கற மாதிரி.

நான் படிச்சது அஞ்சாங் கிளாஸ். ஆனா என் பேத்தி வேப்பேரி மாட்டு டாக்டர் காலேஜுல படிக்கிறா. 1903-ல வெள்ளைக்காரன் தொறந்த காலேஜு அது. அவகிட்ட கேட்டேன். அவ போனைத் தேச்சித் தேச்சி, ஒரு வாரமா ராத்திரி கஞ்சி குடிக்கிற நேரத்துல படிச்சிப் படிச்சிச் சொன்னா. நீ கொடுத்து வெச்சவன், உனக்கு எல்லாம் மொத்தமா வருது. இந்தக் கட்டில்ல குந்து.

முதல்ல உன் வூட்டுலருந்தே ஆரம்பிக்கிறேன். உங்க பில்டிங்குல லிஃப்ட் எறங்கற எடம் இருக்குதுல்ல, அங்கதான் என் நாத்தங்கால் இருந்துச்சு. பெரும்பாக்கம் ஏரி நெறஞ்ச வருஷத்துல சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு கழனி சும்மா கெடக்காது. இந்தத் தெருவுல மாடு இல்லாத வூட்டுக்குப் பொண்ணு குடுக்க யோசிப்பாங்க. அப்புறம் சோழிங்கநல்லூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிங்க வந்துச்சு. குடிசை மாத்து வாரியத்துக்காரங்க எட்டு எட்டு மாடியா 20,000 வூட்டுக்கு மேல கட்டி, கூவம் ஓரத்துலயும் அடையாறு ஓரத்துலயும் இருந்த ஜனங்களக் கொண்டாந்து ஏத்துனாங்க. 2022-ல செம்மொழித் தமிழாய்வு நிறுவனத்துக்கும் இங்கதான் பெரிய கட்டடம் தொறந்தாங்க. தமிழை ஆராயறதுக்கு எடம் கெடைச்ச ஊருல மாடு மேயறதுக்கு எடம் இல்லாம பூடுச்சு. இருக்கட்டும், தமிழுக்காவது கெடைச்சுதே.

இப்ப கணக்குக்கு வரேன். சேத்துப்பட்டுல காசநோய் ஆராய்ச்சி மையம்னு ஒண்ணு இருக்குது, இப்ப பேரை மாத்திட்டாங்க. அங்க இருந்தவங்க மெட்ராஸ்ல 584 பசங்களையும், மெட்ராசைச் சுத்தி 25 கிராமத்துல 271 பசங்களையும் பார்த்து, 2002-ல கணக்கை வெளியிட்டாங்க. ஆறு வயசுலருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் இருக்கற பசங்கள்ல எப்பவாவது மூச்சுத் திணறல் வந்ததுண்டான்னு கேட்டா, பட்டணத்துல நூத்துக்கு 22 பேரு, கிராமத்துல 9 பேரு.

இதைக் கேட்டதும் நான் மீசையைத் தடவிக்கினேன். பேத்தி வுடல. "தாத்தா, கிராமத்துல லாரிப் பொகை கம்மி, கூட்டம் கம்மி, சாப்பாடு வேற, ஆஸ்பத்திரி தூரம். இதுல எது காப்பாத்துச்சுன்னு எப்படிச் சொல்லுவ? அதுக்குள்ள உன் மாட்டுக்கு மாலை போடாத"ன்னுட்டா. நியாயந்தான். பருவத்துல மழை பெஞ்சி வெளைஞ்சதை நான் வெச்ச உரத்தால வெளைஞ்சுதுன்னு சொல்லிக்கிற ஆளுங்க நம்ம ஊருல நெறைய உண்டு.

அதுக்காகத்தான் அவ எனக்கு ரெண்டு பங்காளிங்க கதையைச் சொன்னா. இதை நல்லா கேளு, மத்ததை மறந்தாலும் பரவாயில்ல.

அமெரிக்காவுல ஆமிஷ்னு ஒரு கூட்டம், ஹட்டரைட்னு ஒரு கூட்டம். ரெண்டு பேருமே சாமி கும்புடற வழி புடிக்காம ஐரோப்பாவுலருந்து வெரட்டப்பட்டு, அங்க போயிப் பொழைச்சவங்க. ரெண்டு பேருக்கும் பூர்வீகம் ஆல்ப்ஸ் மலைப் பக்கம். ரெண்டு வூட்டுலயும் பெரிய குடும்பம், டிவி கெடையாது, வூட்டுக்குள்ள நாய் பூனை கெடையாது, தாய்ப்பால் நெறைய நாள் குடுப்பாங்க, ரெண்டு பேருக்கும் தொழில் விவசாயம். ரத்தத்துலயும் ஒரே வம்சம் மாதிரிதான் தெரியுதாம். ஒரே ஒரு எடத்துல பிரியறாங்க. ஆமிஷ்காரன் ஒவ்வொருத்தனும் தனித்தனியா மாடு வெச்சிருக்கான், கொட்டாய் வூட்டை ஒட்டினாப்ல இருக்குது, ஏருக்குக் குதிரை பூட்டறான், கொழந்தைங்க தவழ்ந்தா கொட்டாய்லதான் போயி நிக்கும். ஹட்டரைட்காரன் கூட்டுப் பண்ணை வெச்சிருக்கான், எல்லாம் மிஷினு, மாட்டுக் கொட்டாய் குடியிருப்புலருந்து தள்ளி, சின்னப் பசங்களுக்கு அங்க வேலை இல்ல.

பசங்களுக்கு ஆஸ்துமா எவ்ளோன்னு பார்த்தா ஆமிஷ்ல நூத்துக்கு 5.2. ஹட்டரைட்ல 21.3. நாலு மடங்கு! பெரிய மனுசங்க பாகப் பிரிவினையில மாட்டை ஒருத்தனுக்கும் மிஷினை ஒருத்தனுக்கும் குடுத்தாங்க. மிஷின் வாங்கிக்கினவன் பேரன் இன்ஹேலர் வாங்கிகினு இருக்கான்.

2016-ல சிகாகோ, மியூனிக் எல்லாம் சேர்ந்து இந்தப் பக்கம் 30 பசங்க, அந்தப் பக்கம் 30 பசங்கன்னு ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. அத்தோட வுட்டாங்களா? வூட்டுக்குள்ள இருக்கற தூசியையும் எடுத்துகினு போனாங்க. நம்ம வூட்டு மருமவ பெருக்கி வாரிக் கொட்டறதை அவன் ஐஸ் பொட்டியில வெச்சிக் காப்பாத்தறான். அந்தத் தூசியில எண்டோடாக்சின்னு ஒண்ணு, அதாவது ஒரு வகைக் கிருமியோட மேல்தோல்லருந்து உதிர்ற சரக்கு, ஆமிஷ் வூட்டுல 6.8 மடங்கு அதிகம். அப்புறம் ரெண்டு தூசியையும் எலி மூக்குல வுட்டாங்க. ஆமிஷ் தூசி ஏறுன எலிக்கு ஆஸ்துமா உண்டாக்கப் பார்த்தாலும் அது அசரல. ஹட்டரைட் தூசி ஏறுன எலி இழுத்துகினு கெடந்துச்சாம்.

"தூசி எப்படித் தாத்தா காப்பாத்தும், தூசியாலதானே தும்மறோம்?"னு கேக்கறதுக்கு வாயைத் தொறக்கற, தெரியுது. உங்க கேட்டுல போன மாசம் புதுசா ஒரு செக்யூரிட்டி பையன் வந்தானே, அவனை நெனைச்சிக்க. வந்த அன்னிக்கு யாரைக் கண்டாலும் அவனுக்குத் திருடன். கீரைக்காரம்மாவ நிறுத்தி வெச்சி விசில் ஊதுனான். பேப்பர் போடற பையனைப் புடிச்சிகினான். நான் உங்களுக்குப் பால் ஊத்த வந்தா, கேனைத் தொறந்து காட்டச் சொன்னான். அதே வேலைக்கு முன்னாடி இருந்த பெரியவர் மாசம் முப்பது நாளும் ஆயிரம் மொகத்தைப் பார்த்தவர், சும்மா குந்திகினு தலையை மட்டும் ஆட்டுவார், எழுந்தார்னா மட்டும் ஏதோ விஷயம். ஒடம்புக்குள்ள இருக்கற காவலும் அப்படித்தானாம். பொறந்த புதுசுல தெனம் நூறு தினுசு கிருமியோட வாசனையைக் காட்டுனா, யாரு கீரைக்காரம்மா, யாரு திருடன்னு அது பழகிக்கும். ஒண்ணையும் காட்டாம கண்ணாடிப் பொட்டியில வெச்சி வளர்த்தா, பூவுலருந்து பறக்கற பொடியைப் பார்த்தாலும் விசில் ஊதும். அந்த விசில்தான் உன் பொண்ணுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சுல கேக்குது.

இதுக்கு முன்னாடியும் நெறைய பேரு சொல்லியிருக்காங்க. 1989-ல இங்கிலாந்துல ஸ்ட்ராச்சன்னு ஒருத்தர், பதினேழாயிரத்துச் சொச்சம் பசங்களைக் கணக்கெடுத்து, அண்ணன் தம்பி ஜாஸ்தியா இருக்கற வூட்டுல மூக்கொழுகற அலர்ஜி கம்மின்னாரு. நாங்க கூடப் பொறந்தவங்க ஏழு பேரு. ஒருத்தன் சளி ஏழு மூக்குக்கும் பங்கு, துணி ஒரே துணி. அதே சமயத்துல ஜெர்மனி ரெண்டும் ஒண்ணா சேர்ந்துச்சு. எரிக்கா ஃபான் மூட்டியஸ்னு ஒரு டாக்டரம்மா, கெழக்கு ஜெர்மனிதான் பொகையும் கரியுமா கெடக்குதே, அங்கதான் ஆஸ்துமா அதிகம் இருக்கும்னு நெனைச்சிப் போனாங்க. போயிப் பார்த்தா சுத்தமா இருக்கற மியூனிக்லதான் அதிகம். ஆராய்ச்சி பண்ணி தோத்துப்போயி, தோத்ததை அப்படியே எழுதி வெச்சாங்க பாரு, அந்தம்மாவுக்கு ஒரு கும்புடு. நம்ம பஞ்சாயத்துல ஒருத்தரைக் காட்டு, தான் நெனைச்சது தப்புன்னு சொன்னவரை. சுவிட்சர்லாந்துல ஒரு கிராமத்து டாக்டர் மாட்டுக்காரங்க வூட்டுப் பசங்க தும்மறதில்லன்னு கவனிச்சாரு, அதுலருந்துதான் பண்ணை வூட்டுக் கணக்கு சூடு புடிச்சுது. நம்ம பக்கத்துல நேபாளத்துல 2001-ல ஒரு கணக்கு வந்துச்சு. சின்ன வயசுல வூட்டுக்குள்ளயே மாடு கட்டியிருந்த வூட்டுப் பசங்களுக்கு ஆஸ்துமா ரொம்பக் கம்மியாம்.

சரி, இப்ப உன் மேட்டர். நீ ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வரே. பாப்பாவுக்கு நாலு வயசு. அரை மணி நேரம் மாட்டைப் பார்க்க வெச்சி, பத்து போட்டோ எடுத்து, ஸ்டேட்டஸ் போட்டுட்டுப் போற. ஈசிஆர் பக்கம் பண்ணை பார்க்கறதுக்கு டிக்கெட்டு வாங்கிப் போற கும்பலும் பார்க்கிறேன். அதெல்லாம் மனசுக்கு நல்லது, மூச்சுக்கு நேரம் தாண்டிப் பூடுச்சு. வெதை நேர்த்தி எப்ப செய்யணும்? வெதைக்கறதுக்கு முந்தி. நாத்து பச்சை கட்டி, பால் புடிச்சி, கதிர் சாஞ்ச பெறவு சூடோமோனாஸ் பொடியைத் தூக்கிகினு கழனிக்கு ஓடுனா, வரப்புல குந்தியிருக்கறவன் சிரிப்பான்.

2001-ல ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மூணு நாட்டுலயும் கிராமத்துப் பசங்களைப் பார்த்தாங்க. ஒரு வயசு ரொம்பறதுக்குள்ளயே கொட்டாய்ல பொழங்கி, பண்ணைப் பால் குடிச்ச பசங்களுக்கு ஆஸ்துமா நூத்துக்கு 1. ஒரு வயசுக்கு மேல அஞ்சு வயசுக்குள்ள போயிச் சேர்ந்தவங்களுக்கு 11. அதே மாடு, அதே சாணி, அதே ஊரு. முந்திப் போனவன் பொழைச்சான். இன்னும் சொல்லணும்னா, புள்ளத்தாச்சியா இருக்கும்போதே தாய்க்காரி கொட்டாய்ல வேலை செஞ்சிருந்தா, வயித்துல இருக்கற கொழந்தைக்கே பலன் தெரியுதுன்னு கணக்கு இருக்குது. என் பொண்டாட்டி ஒன்பதாம் மாசத்துலயும் சாணி வாரி வரட்டி தட்டுனா. அப்ப எங்கம்மாவ ஊரே கொடுமைக்காரின்னு பேசுச்சு. இப்ப பேத்தி படிச்சதைக் கேட்டா, எங்கம்மா டாக்டரா இருந்திருக்கா. இதைப் பொண்டாட்டிகிட்ட சொன்னேன், மொறைச்சா. இன்னும் மொறைச்சிகினு இருக்கா.

பண்ணைப் பால்னு சொன்னதும் உன் கண்ணு என் கேன் மேல போவுது, வேணாம். காய்ச்சாத பால்ல ஏதோ ஒரு சத்து காப்பாத்துதுன்னு அந்த ஊரு ஆராய்ச்சிக்காரங்களே சொல்றாங்க, ஆனா கொழந்தைக்குப் பச்சைப் பால் குடுன்னு அவங்களே சொல்லல. மாட்டுக்கு வர்ற காசநோய் பச்சைப் பால்ல வரும், புருசெல்லா காய்ச்சல் வரும். 1928-ல டாக்டர் சவுரிமுத்து இந்தத் தாம்பரத்துலதான் காத்து நல்லா இருக்குதுன்னு காசநோய்க்காரங்களுக்குச் சானடோரியம் தொறந்தாரு. கணக்கு மேதை ராமானுஜனுக்கு இங்கிலாந்துல வைத்தியம் பார்த்த அதே சவுரிமுத்து. இன்னிக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கு அதுதானே பேரு. ஒரு காலத்துல நோயாளி மூச்சு வாங்க வந்த ஊரு இது. இப்ப நல்லா இருக்கறவன் ஜிஎஸ்டி ரோட்டுல மூச்சுக்குத் தவிக்கிறான். பாலை நல்லா பொங்கக் காய்ச்சு, அந்த ஸ்டேஷன்ல எறங்கற வேலை உனக்கு வேணாம்.

இன்னொண்ணும் சொல்லிப்புடறேன், இல்லன்னா என் பேச்சைக் கேட்டுட்டு ஏதாவது கிறுக்குத்தனம் பண்ணுவ. பழைய காலமெல்லாம் தங்கம்னு நான் சொல்லல. எங்க காலத்துல தொப்புள் கொடி அறுத்த எடத்துல சாணி, சாம்பல் வெச்சாங்க. எட்டாம் நாள் கொழந்தை வாய் தொறக்காது, வெறைச்சிப் பூடும். அதுக்குப் பேரு எட்டாம் நாள் ஜன்னின்னாங்க, காத்து கருப்புன்னாங்க. மண்ணுல, சாணியில இருக்கற டெட்டனஸ்தான் அது. ஊசி போட்டு, சுத்தமான பிளேடுல அறுத்து, 2015-லதான் இந்த நாட்டுல அதை அடக்கி வெச்சாங்க. மாடு மூக்கால கொழந்தையைத் தொடட்டும். சாணி கொழந்தை புண்ணைத் தொடக் கூடாது. கை கழுவறதையும் நான் வேணாம்னு சொல்லல. கக்கூஸ் போயிட்டு, சாப்பாட்டுக்கு முந்தி, சோப்புப் போட்டுக் கழுவு. மாட்டைப் பார்த்த ஒடனே பீச்சற பாரு, அதைத்தான் சொல்றேன்.

அழுக்குன்னு ஒண்ணே ஒண்ணு இல்ல தம்பி. சாணி அழுக்கு வேற, சைலன்சர் அழுக்கு வேற. 2022 ஏப்ரல் மாசம் பெருங்குடிக் குப்பைமேடு பத்திகினு எரிஞ்சுதே, பல நாள் பொகை இந்தப் பக்கமெல்லாம் போத்திகினு கெடந்துச்சே, அதை மூக்குல இழுத்தா எந்தக் கொழந்தையும் ஆமிஷ் ஆவாது. பெங்களூருல பரமேஷ்னு ஒரு கொழந்தை டாக்டர், ஆஸ்பத்திரிக்கு வந்த 20,000 பசங்க கணக்கை இருவது வருஷம் எழுதி வெச்சாரு. 1979-ல நூத்துக்கு 9 பேருக்கு ஆஸ்துமா, 1999-ல 29.5. ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க கணக்குதான், ஊர்க் கணக்கு இல்ல. ஆனாலும் அந்த இருவது வருஷத்துல பெங்களூரு எம்மாம் வண்டி வாங்குச்சுன்னு நீயே பார்த்திருப்ப. அந்த எட்டு மாடி வூட்டுப் பசங்களை நெனைச்சாத்தான் எனக்குப் பேச்சு வரல. மாடும் கெடையாது, காத்தும் கெடையாது. செவுத்துல ஊறுன ஈரம், கரப்பான் பூச்சி, கீழ பொகை. நீ மாட்டை வுட்டு ஏசிக்குள்ள போன. அவங்களை யாரும் கேக்கவே இல்ல.

மாட்டோட இருந்தாலும் எல்லாரும் தப்பிச்சுடறதில்ல. எங்க அண்ணன் ஒருத்தர் இருந்தாரு. மாட்டு வவுத்துலருந்தே வந்தவர் மாதிரி, கொட்டாயிலயே தூங்குவாரு. ஆனா வைக்கப்போர் மேல ஏறுனா இழுப்பு புடிச்சிக்கும். பேத்திகிட்ட கேட்டேன், "இவரு எந்தக் கணக்குல வருவாரு?"ன்னு. "அந்த 5.2 இருக்குதுல்ல தாத்தா, அதுல அவரு"ன்னா. அதனால உன் பொண்ணோட இன்ஹேலரை எறிஞ்சிட்டு இங்க வந்து நிக்காத. டாக்டர் சொல்ற வரைக்கும் அது நடக்கட்டும். வைக்கோல் ஒதர்ற நேரத்துல கொழந்தையைக் கிட்ட கொண்டாராத.

"அப்ப நாலு வயசுக்கு ஒண்ணுமே கெடையாதா?"ன்னு மூஞ்சி தொங்குது. இரு, இரு. ஃபின்லாந்துல ஒரு வேலை செஞ்சாங்க. பால்வாடிப் பசங்க, மூணுலருந்து அஞ்சு வயசு, மொத்தம் 75 பேரு. சில பால்வாடி முத்தத்துல ஜல்லி போட்ட எடத்துல காட்டு மண்ணை, புல்லை அப்படியே பேத்துக் கொண்டாந்து போட்டாங்க, பசங்களைத் தோண்ட வுட்டாங்க. 28 நாள்ல தோல்ல இருக்கற கிருமி தினுசு கூடிப்போச்சு, ரத்தத்துல காவக்காரன் கொஞ்சம் நிதானமானதுக்கும் அடையாளம் தெரிஞ்சுது. இதனால ஆஸ்துமா போச்சுன்னு அவங்க சொல்லல, நானும் சொல்லமாட்டேன். ஆனா உங்க பில்டிங்குல கொழந்தைங்க வெளையாடற எடத்துல என்னா போட்டிருக்கீங்க? பிளாஸ்டிக் புல்லு. அதுக்கும் வாரத்துக்கு ஒரு தடவை மருந்து தெளிக்கிறீங்க! புல்லு மொளைக்காது, பூச்சி வராது, அதுக்கு எதுக்குப்பா மருந்து? அந்த அசோசியேஷன் மீட்டிங்குல போயி எழுந்து நில்லு, ஒரு மூலையில அந்தப் பாயைச் சுருட்டச் சொல்லு. ஏரி வண்டல் நான் ரெண்டு கூடை தரேன். காசு வேணாம், என் மண்ணு என் எடத்துக்கே திரும்பிப் போவுது.

பாரு, பேச்சுவாக்குல பாப்பாவ மறந்துட்டோம். கன்னுக்குட்டி அது கவுனு நுனியைப் புடிச்சி மென்னுகினு இருக்குது. அலறாத! அதுக்குப் பல்லு கூசாது, உன் பொண்ணும் அழல, சிரிக்குது. தும்முது, ஆமா. வைக்கத் தூளு. நானுந்தான் தும்முவேன். மூச்சு கீச்சுனு கேக்குதான்னு காதை வெச்சிப் பாரு. இல்லல்ல?

அது சரி, உன் சம்சாரம் கேட்டுகிட்டயே நிக்குதே, ஏன் உள்ள வரல? வாந்தியா? மாட்டு வாசனை கொமட்டுதா... எத்தினி மாசம்?

அஞ்சா! அடப்பாவி, ஒரு மணி நேரமா என் தொண்டைத் தண்ணி வத்துது, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? மொதல்ல பார்க்கற டாக்டரம்மாவ ஒரு வார்த்தை கேட்டுக்க. சரின்னா நாளைக்குச் சாயங்காலம் அழைச்சிகினு வா. வேலை ஒண்ணும் செய்ய வேணாம், இந்தக் கட்டில்ல கொஞ்ச நேரம் குந்தட்டும், என் பொண்டாட்டி பேசிகினு இருப்பா, அவளுக்கும் என்னை மொறைக்கிற வேலை கொஞ்சம் கொறையும்.

குப்பியை வூட்டுலயே வெச்சிட்டு வா. மாடு நேத்து உன் வண்டிச் சத்தம் கேட்டே நாக்கை நீட்டுச்சு.